நடு மேசைக்கு வந்த மரம்

இந்த வருஷம் நடு மேசை. இல்லன்னா சட்டியத் தூக்கி மாடியிலேர்ந்து வீசிடறது.

லிப்டு மெக்கானிக் இப்படி ஒரு முடிவு எடுத்தாரு. பல்லு வெளக்கிக்கிட்டே எடுத்ததால முடிவுல பாதி நுரையா தரையில விழுந்துச்சு.

மனுஷன் நெலமைய நெனச்சுப் பாருங்க. பகலெல்லாம் சனங்கள மேல ஏத்தி விடற வேலை. வீட்டுக்கு வந்தா ஒரு மரத்த மேல ஏற விடாம பாத்துக்கற வேலை. பதினோரு வருஷமா சட்டியிலயே குட்டையா வளக்கற ஒரு அத்தி மரம். ஒரு முழம்கூட இல்ல. பக்கத்து வீட்டுப் பூனை பின்னங்கால்ல நின்னா மரத்த விட அதுதான் ஒசரம்.

வருஷா வருஷம் இத மடியில வெச்சுக்கிட்டு போன்சாய் சங்கத்துக் கண்காட்சிக்குப் போவாரு. அங்க நடு மேசை மொதப் பரிசு மரத்துக்கு. இத சங்கம் வருஷா வருஷம் கதவோரம் வைக்கும். ஈரக் குடை வைக்கற எடம். போன வருஷம் ஒருத்தரு மரத்து மேலயே குடைய மாட்டிட்டுப் போயிட்டாரு.

"கெளை நல்லா வாகா வளஞ்சிருந்துச்சுங்க, அதான் மாட்டினேன்"னாரு.

பதினோரு வருஷத்துல அந்த மரத்துக்குக் கெடச்ச ஒரே பாராட்டு அதுதான்.

வீட்டம்மா தையல்காரி. முன்னறையில மெஷின். அன்னிக்கு ஊசியில நூல் கோத்துக்கிட்டே பேச்ச எடுத்தாங்க.

"ஏங்க, தங்கச்சி கூப்பிட்டா. அவ கடலோரம் குடி போயி நாலு வருஷம் ஆச்சு. பத்து நாள் வந்து இருங்கறா."

"போலாமே."

"எப்போ?"

"மரம் கொஞ்சம் பெருசாகட்டும்."

"அது பெருசாகக் கூடாதுன்னுதானேங்க வளக்கறீங்க?"

மெக்கானிக் தொண்டையச் செருமினாரு. "தண்ணி யாரும்மா ஊத்துவா? சட்டியா அது? சோத்துத் தட்டு மாதிரி தட்டையா இருக்கு. ரெண்டு வேளையும் ஊத்தணும். வெயில்ல ஒரு நாள் தவறினா அடுப்புக்குச் சுள்ளி."

"சரி, நீங்க இருந்து ஊத்துங்க. நான் போய்ட்டு வரேன்."

மெக்கானிக் எந்திரிச்சு மெஷின் பக்கத்துல வந்து நின்னாரு. ஏன்னா, கெளைய வளைக்கக் கம்பி சுத்தறது அவரு. கெளை நறுக்கறது அவரு. ஒரு கண்ண மூடிக்கிட்டுத் தள்ளி நின்னு பாக்கறதும் அவரு. ஆனா பூவாளியத் தூக்கறது யாரு? விடியக்காலை அஞ்சரைக்கும் சாயந்தரம் ஆறுக்கும் பதினோரு வருஷமா வீட்டம்மாதான். அஞ்சரை மணின்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம்தான்.

"ஐயோ, நான் ஊத்தினா அது ஏத்துக்காதும்மா. உன் கை பழகின மரம். கை மாறிச்சுன்னா எல அம்புட்டும் கொட்டிடும்."

"ஓஹோ"ன்னாங்க வீட்டம்மா. பதினோரு வருஷமா ஒரு ராத்திரிகூட வெளியூர்ல தங்காத பொம்பள சொல்ற "ஓஹோ". மெஷின் தடதடன்னு ஓடுச்சு. அவரு ஜெயிச்சுட்டதா நெனச்சுக்கிட்டாரு. பாவம்.

அடுத்த வாரம் சங்கத்துலேர்ந்து காகிதம் வந்துச்சு. செயலாளர் ரிட்டயரான தபால்காரரு. வழக்கம் விடாம அவரே வீடு வீடாப் போயி போட்டாரு. விஷயம் என்னன்னா, இந்த வருஷம் நடு மேசை அழகுக்கு இல்ல, பராமரிப்புக்கு. மரத்துக்குத் தெனமும் தண்ணி ஊத்தறது யாரு, எத்தன நாள் தவறுச்சு, எல்லாம் எழுதி, வீட்டாள் ஒருத்தரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்.

மெக்கானிக் கதவப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. மரம் தகுதியான மரம். மனுஷன்தான் தகுதி இல்லாத மனுஷன்.

"ஏம்மா... ஒரு கையெழுத்து."

"என்னன்னு?"

"நான்தான் தண்ணி ஊத்தறேன்னு."

"என் கை பழகின மரம்னீங்க?"

"அது வீட்டுக்குச் சொன்னதும்மா. இது சங்கத்துக்குச் சொல்றது."

வீட்டம்மா வாயில கவ்வியிருந்த குண்டூசிய எடுத்து வெச்சாங்க. பேனாவ வாங்கினாங்க. ஒரு நாளும் தவறல, என் கை பட்டதே இல்லன்னு அவங்களாவே ரெண்டு வரி கூடச் சேத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. சண்டை இல்ல, ஒரு முணுமுணுப்புகூட இல்ல. அந்த எடத்துல மனுஷன் பயந்திருக்க வேணாமா? இவரு பேனாவுக்கு நன்றி சொல்லிட்டுப் போனாரு.

கண்காட்சிக்கு வீட்டம்மாவும் வந்தாங்க. பதினோரு வருஷத்துல மொத தடவ. மரத்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா டீ மேசைக்குப் போயி, மத்த உறுப்பினருங்க வீட்டுப் பொம்பளைங்களோட நின்னுக்கிட்டாங்க.

சொன்னா நம்ப மாட்டீங்க. அத்தி மரம் நடு மேசையில உக்காந்துச்சு! தல மேல தனி வெளக்கு. மெக்கானிக் கையில மைக்கக் குடுத்தாங்க. அந்தக் கையில ஸ்பேனர் குடுத்தா நிதானமாப் புடிப்பாரு. மைக்குன்னதும் தல சுத்திடுச்சு.

"காலையில அஞ்சரை! சாயந்தரம் ஆறு! மழையோ வெயிலோ, இந்தக் கை தவறினதில்ல! இந்த ஒரு மரம் என்னங்க? இருபது குடுங்க, முப்பது குடுங்க, ஒரு எல வாட விட மாட்டேன்!"

கைதட்டல். ரொம்ப பலமா தட்டினது டீ மேசை.

மறுநாள் காலையில கதவு தட்டற சத்தம். தெறந்தா செயலாளர். கையில அவரோட எலுமிச்ச போன்சாய். பின்னால அவரு சம்சாரம், தோள்ல பை.

"உங்கள நம்பித்தாங்க விட்டுட்டுப் போறேன். பத்தே நாள்."

"எங்க போறீங்க?"

"உங்க மச்சினிச்சி ஊருக்குத்தான். விடுதிகூடப் புடிச்சாச்சே, உங்க வீட்டம்மா சொல்லல?"

அவரு சொல்லி முடிக்கல. சங்கத்துல இருக்கற டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒரு ஆலமரச் சட்டியோட ஏறி வராரு. பின்னால கண்ணாடிக் கடைக்காரரு, ரெண்டு கையிலயும் ரெண்டு மரம். படி முழுக்கக் காடு ஏறி வருது. எண்ணிப் பாத்தா இருபத்திமூணு. கீழ ஒரு வேன் இஞ்சின் ஓட நிக்குது.

வீட்டம்மா புதுப் பொடவையில வந்தாங்க.

"என்னம்மா இது அநியாயம்?"

"டீ மேசையில பேசிக்கிட்டோங்க. எல்லா வீட்லயும் ஒரே கதை. மரம் ஆம்பளைங்களோடது, பூவாளி பொம்பளைங்களோடது. எங்கயாவது கூப்பிட்டா, மரத்த யாரு பாக்கறதும்பாங்களாம். இப்பதான் பாக்கறதுக்கு ஒரு ஆளு கெடச்சிருக்காரு, மைக்குல வேற சொல்லிட்டாரு. இனிமே எந்த வீட்டுக்காரரால வர மாட்டேன்னு சொல்ல முடியும்?"

"நான் ஊத்தறதே இல்லன்னு இப்பவே சொல்லிடறேன்!"

"தாராளமாச் சொல்லுங்க. செயலாளர் இன்னும் படியிலதான் இருக்காரு. நடு மேசையத் திருப்பி வாங்கிக்குவாரு."

மெக்கானிக் படிய எட்டிப் பாத்தாரு. எலுமிச்சையத் தூக்கி உள்ள வெச்சாரு. வேன் கெளம்பிடுச்சு.

அதுக்கப்புறம் அந்த மனுஷன் பட்ட பாட்ட என்னன்னு சொல்ல? ஒவ்வொரு சட்டியோடயும் ஒரு சீட்டு. இதுக்கு மத்தியானம் நெழலு. இதத் தெனமும் கால்வாசி திருப்பணும். இதுக்கு எலய நனைக்காதீங்க, இதுக்கு எலய மட்டும் நனைங்க. குளிக்கற எடத்துல ஆறு மரம். அதுங்க குளிச்ச பிறகு இவரு குளிக்கணும். தையல் மெஷின் மேல நாலு. படுக்கையில மூணு. இவரு தரையில. சாயந்தரம் ஆறு மணிக்கு ஒரு ஆபீஸ்ல லிப்டு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. "ஊத்திட்டு வரேன்"னு சொல்லிட்டு ஓடினாரு. உள்ள இருந்த அஞ்சு பேரு எத ஊத்தப் போறாருன்னு புரியாம பயந்துட்டாங்க.

ஆறாம் நாள் ஒரு கெட்ட எண்ணம் வந்துச்சு. ஒரு மரம் வாடினாப் போதுமே. அலறி அடிச்சு அம்புட்டு பேரும் திரும்பி வந்துடுவாங்களே. எலுமிச்சையத் தேர்ந்தெடுத்தாரு. காலையில அதுக்கு மட்டும் ஊத்தல. வேலைக்குப் போனாரு. லிப்டுக் குழிக்குள்ள எறங்கினா, கண்ணு முன்னால அந்த எலைங்கதான் தொங்குது. ஸ்பேனரப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்தாரு. எலையெல்லாம் துவண்டு கெடந்துச்சு. தண்ணிய ஊத்திட்டு, "மன்னிச்சுக்கப்பா"ன்னு சட்டி பக்கத்துலயே உக்காந்துட்டாரு. அது மெல்ல மெல்ல நிமிந்துச்சு. இவருக்குத்தான் முதுகு நிமிரல.

எட்டாம் நாள் போன் வந்துச்சு. பின்னால கடல் சத்தம், சிரிப்புச் சத்தம்.

"எப்படிங்க இருக்கு மரமெல்லாம்?"

ஒரே ஒரு பொய். ரெண்டு மரம் காயுதுன்னா போதும், இன்னிக்கே வந்துடுவாங்க. மனுஷன் மூச்ச இழுத்தாரு. ஆனா பாருங்க, அந்தப் பாழாப்போன நடு மேசை அவரு நெஞ்சுக்குள்ளயே உக்காந்திருக்கே!

"ஒரு எல உதிரலம்மா! செயலாளரோட எலுமிச்சையில பூவே வந்துடுச்சு!"

அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டுச்சு. அப்புறம் வீட்டம்மா சொன்னாங்க:

"அப்படீங்களா! அப்போ இன்னும் பத்து நாள் இருந்துட்டு வரோங்க."