பேஸ்மென்டுக்குள் ஒரு சாடியும் இறங்காது

இந்த வருசம் ஒரு பூச்சாடிகூட என் பேஸ்மென்டுக்குள் இறங்காது. செப்டம்பர் பதினைந்தாம் திகதி, காலைத் தேத்தண்ணியைக் குடித்த கையோடு இந்தத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்ததும் நான், வழிமொழிந்ததும் நான். எதிர்க்கட்சி அந்த நேரம் குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது.

காரணம் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கனடாவில், மொன்றியல் நகரத்துப் பியர்ஃபொன்ட்ஸ் பக்கம். என் மனைவி செல்வமலருக்குப் பின்வளவு முழுக்கச் சாடிகள். கறிவேப்பிலை, முருங்கை, தேசிக்காய், மல்லிகை, வெற்றிலை, கற்பூரவள்ளி என்று இருபத்திமூன்று உருப்படி. கோடைக்கு வெளியில் நிற்கும். இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் உள்ளே வந்தாக வேண்டும். பிறகு மே மாதக் கடைசி வரைக்கும் வெளியே போகாது. கணக்குப் பார்த்தால் வருசத்தில் எட்டு மாதம் அவைதான் வீட்டுக்காரர். நான் வாடகைக்கு இருக்கிறவன்.

போன வருசம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. சனிக்கிழமைப் பின்னேரம். பேஸ்மென்டில் நாங்கள் நாலு பேர் சீட்டு விளையாடுகிறோம். நான், அடுத்த தெரு அருமைராசா, குணரத்தினம், யோசெப். பதினொரு வருசமாகச் சனி தவறாமல் நடக்கும் முன்னூற்றிநாலு ஆட்டம். அந்த மேசை இல்லாவிட்டால் என் வாழ்க்கையில் மிச்சம் இருப்பது வேலையும் வீட்டு வேலையும்தான். நல்ல கை விழுந்தது. துரும்புச் சீட்டைக் கவிட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எனக்கும் அருமைராசாவுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம் நின்றது.

“கொஞ்சம் தள்ளி இருங்கோ” என்றபடி செல்வமலர் அடுத்த சாடியை இறக்கினாள். பிறகு அதற்கடுத்தது. அரை மணித்தியாலத்தில் மேசை இருந்த இடம் தெரியவில்லை. மாரிக் குளிர்காலம் முழுக்க ஆட்டம் இல்லை. அவள் தனியாகத் தூக்கும்போது நாலு ஆம்பிளைகள் ஏன் எழும்பவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் கையில் சீட்டு இருந்தது.

ஆகவே இந்த முறை முந்திக்கொண்டேன்.

“இஞ்சாரும், இந்த முறை சாடி ஒண்டும் கீழ வரக்கூடாது.”

“சரியப்பா.”

“ஒண்டுகூட வரக்கூடாது.”

“ஓம், சரி.”

“கறிவேப்பிலையும் சேர்த்துத்தான் சொல்லுறன்.”

“அதுக்கென்ன. இந்தக் குழம்பிலை உப்புக் காணுமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

எனக்கு உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. சண்டைக்கு என்று நாலு நாளாகச் சேர்த்து வைத்த நியாயங்கள் எல்லாம் வீணாய்ப் போயின. இருபத்தேழு வருசக் கலியாணத்தில் செல்வமலர் வாயால் “ஆனால்” ஒட்டாத ஒரு “சரி” வந்ததே இல்லை.

நான் ஒரு சாமான் கிடங்கில் இருபத்திரண்டு வருசமாகக் காவல் வேலை செய்கிறேன். என் அனுபவத்தில், கேட்க முதலே சிரித்துக்கொண்டு பையைத் திறந்து காட்டுகிறவனைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அன்று தொடக்கம் என் வீட்டிலேயே நான் சம்பளமில்லாத காவலாளியானேன்.

முதல் தடயம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வேலையால் வந்து கீழே இறங்குகிறேன். செல்வமலர் அளவு நாடாவோடு பேஸ்மென்ட் யன்னலடியில் நிற்கிறாள்.

“என்ன அளக்கிறீர்?”

“சும்மா.”

“சும்மா ஆரும் யன்னல் அளப்பினமே?”

“எவ்வளவு நீளம் எண்டு தெரிஞ்சு வைக்கிறது நல்லதுதானே.”

“அப்ப ஏன் சீட்டு மேசையையும் அளக்கிறீர்?”

“நாடா அந்தப் பக்கம் இழுபட்டுப் போச்சுது.”

நாடா இழுபடுமாம். எனக்கே கதை விடுகிறாள்.

புதன்கிழமை படிக்கட்டுக்குக் கீழே இரண்டு நீட்டுப் பெட்டிகள் இருந்தன. பிரித்துப் பார்த்தேன். செடிக்கு வெயிலுக்குப் பதிலாகப் பிடிக்கிற லைற். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மேலே கொண்டுபோனேன்.

“இது என்ன லைற்?”

“வெளிச்சம் போடுற லைற்.”

“ஆருக்கு வெளிச்சம்?”

“இருட்டுக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு” என்றுவிட்டு அவள் என்னையே பார்த்தாள். நான் பெட்டியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

வியாழக்கிழமைதான் பெரிய தடயம். செல்வமலர் பின்வளவில் நின்று அருமைராசாவின் மனைவி தவராணியோடு போனில் கதைக்கிறாள். நான் குசினி யன்னலுக்குக் கீழே குந்தியிருந்து கேட்டேன். குந்தியதில் இடுப்பு நாரி வலித்தது. உண்மை அறிய வேண்டுமென்றால் வலிக்கத்தான் செய்யும்.

“ஓம் தவராணி... சனிக்கிழமை இவர் சந்தைக்குப் போன உடனை... கீழதான்... மேசையை மடிச்சு கராஜுக்குள்ள விட்டிடுவம்... சீ, இவருக்கு ஒண்டும் தெரியாது.”

பகிடி என்னவென்றால், இந்த ரகசியத்தை அவள் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கதைத்தாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியிருந்தது. மேசையையாம், மடித்தாம், கராஜுக்குள்ளாம்!

உடனே அருமைராசாவுக்குப் போன் அடித்தேன்.

“மச்சான், உன்ரை வீட்டிலை ஏதும் வித்தியாசமா நடக்குதோ?”

“இல்லையே. ஏன் கேக்கிறாய்?” ஆள் கொஞ்சம் கெதியாகத்தான் பதில் சொன்னான்.

“தவராணி ஏதும் சொன்னவளோ?”

“ஒண்டும் சொல்லேல்லை. உனக்கு ஆர் சொன்னது?”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

“அப்ப சரி. நாளைக்கு எனக்குக் கொஞ்சம் வேலை கிடக்கு மச்சான், பேந்து கதைப்பம்.” வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு என்ன வேலை? என் பதினொரு வருசத்துச் சோடி, எதிரிப் பக்கம் போய்விட்டான் என்று முடிவு கட்டினேன். இனி நான் தனி ஆள். திட்டமும் நானே போட வேண்டும்.

போட்டேன். சாடிகள் கீழே வராமல் இருக்க ஒரே வழி, சனிக்கிழமைக்கு முதல் அவற்றுக்கு வேறு இடம் பிடிப்பது. தெற்குப் பார்த்த பெரிய யன்னல் உள்ள இடம் எங்கள் வீட்டில் ஒன்றுதான், ஹோல். அங்கேதான் செல்வமலரின் சோபா செட் இருக்கிறது. அதில் நானே ஆட்கள் வந்தால்தான் இருக்கலாம். அந்தச் சோபாவைச் சுற்றி இருபத்திமூன்று சாடியையும் அடுக்கிவிட்டால்? கீழே கொண்டுபோகச் சாடியும் மிஞ்சாது, அவளுக்கு ஒரு பாடமும் ஆகும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உடம்பு வருத்தம் என்று லீவு சொன்னேன். செல்வமலர் கார்டெறிக்குப் பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போனதும் பின்வளவுக்குப் பாய்ந்தேன். போய்ப் பார்த்தால் எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது. சவர்க்காரத் தண்ணி விசிறுகிற போத்தல், வெட்டுக் கத்தரி, தேய்க்கிற பிரஷ், புது மண் மூட்டை. கையுறையும் இருந்தது, என் கைக்கு அளவாக. பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு துண்டு: இலையின் அடிப்பக்கம் பூச்சி பார்க்க வேண்டும், காய்ந்த கொப்பு வெட்ட வேண்டும், மேல் மண் மாற்ற வேண்டும், சாடியின் வெளிப்பக்கம் கழுவித் துடைக்க வேண்டும்.

எதிரியின் திட்டமே என் கைக்கு வந்துவிட்டது! ஒரு வரி விடாமல் அதன்படியே செய்தேன். அரைகுறையாகச் செய்தால், பூச்சி கிடக்கிறது, ஹோலுக்குள் வைக்கேலாது என்று சாட்டுச் சொல்லுவாள். அந்தச் சாட்டுக்கு நான் இடம் வைக்கவில்லை. வெற்றிலையில் வெள்ளைப்பூச்சி இருந்தது. இலை இலையாகத் துடைத்தேன். தேசி முள் என் கையைக் கிழித்தது. முருங்கையை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். துண்டின் மறுபக்கமும் எழுத்து இருந்தது. தக்காளியும் கத்தரியும் பிடுங்க வேண்டும், வெறும் மண்சாடிகளைக் கொட்டிக் கவிட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பனிக்கு வெடிக்கும். வந்த வேகத்தில் அதையும் முடித்தேன்.

கறிவேப்பிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறும்போது, பக்கத்து வீட்டு மதாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பொன்ஜூர்! வீடு மாறுறீங்களா?” என்று பிரெஞ்சில் கேட்டாள். “வுய்”, ஓம் என்றேன். இலைக்குள்ளால் வேறு சொல் வரவில்லை.

நாலரைக்குக் கடைசிச் சாடி ஹோலுக்குள் போனது. சோபா இருக்கிற திசை மட்டும் குத்துமதிப்பாகத் தெரிந்தது. ஐந்து மணிக்குச் செல்வமலர் வந்தாள். வாசலில் அப்படியே நின்றாள்.

“ஐயோ! என்னப்பா இது?”

“சாடி.”

“என்ரை சோபா!”

“உள்ளதான் கிடக்கு. பத்திரமா இருக்கு.”

“இவ்வளவையும் நீங்களே கழுவினது? பூச்சியும் பாத்தனீங்களோ?”

“எல்லாம் பாத்தாச்சு. இனி ஒண்டையும் ஆரும் இஞ்சையிருந்து அசைக்கேலாது. விளங்குதோ?”

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது. கடைசியில், “சரியப்பா, உங்கட விருப்பம்” என்றாள். மறுபடியும் ஒரு மொட்டைச் “சரி”. ஆனால் வென்றவன் எதற்குப் பயப்பட வேண்டும்?

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. பேஸ்மென்ட் பளிச்சென்று இருந்தது. மேசை விரித்து, நாலு கதிரை போட்டு, சீட்டுக்கட்டைக் குலுக்கி வைத்துவிட்டு இருந்தேன். நாலரை ஆனது. ஐந்தும் ஆனது. ஒருவரையும் காணவில்லை. அருமைராசாவுக்கு அடித்தேன்.

“மச்சான், வரேலாது. நாரி பிடிச்சுப் போட்டுது” என்று முனகினான்.

“என்னடா செய்தனி?”

“நேற்று முழுக்கச் சாடி தூக்கினனான். உனக்கு இப்ப சொல்லலாம். தவராணி என்ரை பாட்டு மெசின் அறைக்குள்ள சாடி அடுக்கத் திட்டம் போட்டவள். போனிலை கதைச்சதை ஒளிச்சு நிண்டு கேட்டனான். விடுவனே? அவளுக்கு முந்தி எல்லாத்தையும் கழுவி ஹோலுக்குள்ள ஏத்திப் போட்டன்!”

படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“அருமை, அங்கையும் சவர்க்காரப் போத்தல் வெளியிலை இருந்ததோ?”

“ஓம். கையுறையும். உனக்கெப்பிடித் தெரியும்?”

போனை வைத்துவிட்டு யோசெப்புக்கு அடித்தேன். அவன் கராஜைக் காப்பாற்றியிருந்தான். குணரத்தினம் ரீவி அறையைக் காப்பாற்றியிருந்தான். இருவருக்கும் நாரிப்பிடிப்பு. டொக்டர் ஒரு மாதம் நேராகக் கதிரையில் இருக்க வேண்டாம் என்றாராம். போன வருசம் சீட்டும் கையுமாக இருந்து பார்த்த நாலு பேருக்கும், நாலு பெண்டுகளும் ஒரே மாதிரித் துண்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேலே கதவு திறந்தது. பல பேர் சிரிக்கிற சத்தம். செல்வமலர் கற்பூரவள்ளிச் சாடி ஒன்றை அணைத்துக்கொண்டு இறங்கினாள். அது எங்கள் சாடி இல்லை. பின்னால் அந்த லைற் பெட்டியோடு தவராணி வந்தாள்.

“ஒருத்தரும் வரேல்லையே, அப்பா?”

“இல்லை.”

“இனி ஒரு மாதத்துக்கு வரமாட்டினமாம். அப்ப இந்த மேசை சும்மாதானே கிடக்கப்போகுது. அவை மூண்டு பேரின்ரை வீட்டு ஹோலும் சின்னன். மிஞ்சினது பதினெட்டுச் சாடி வாசல்ல நிக்கிற வானுக்குள்ள இருக்கு. உங்களுக்கு மட்டும்தான் நாரி நல்லா இருக்குதாம்.”

நான் வாய் திறந்தேன். தீர்மானத்தை ஞாபகப்படுத்த நினைத்தேன். தவராணி என்னைப் பார்த்து, “அண்ணை எவ்வளவு வடிவாக் கழுவியிருக்கிறார், எங்கட ஆளுக்கு இப்பிடி வராது” என்றாள். மேசையை மடித்தேன். கதிரைகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் சாய்த்தேன். நாலாவது கதிரையில் கை வைக்கும்போது செல்வமலர் தடுத்தாள்.

“அதை விடுங்கோ அப்பா. தண்ணி ஊத்துற ஆள் இருக்கவேணுமே.”