நாலாம் மாடிக்கு ஒரு டிரோன்

"இங்க பறக்கவிடக் கூடாதுங்க," என்றார் பூங்காக் காவலாளி.

தையல்காரரின் கண்கள் மேலேயே இருந்தன. புல்வெளிக்கு மேல் அவருடைய டிரோன் தள்ளாடிக்கொண்டிருந்தது. கேமராகூட இல்லாத பொம்மைக் கடைச் சரக்கு. அது எதையும் பார்க்க வேண்டாம். அதை ஒருத்தி பார்த்தால் போதும்.

அந்த ஒருத்தி அவர் மனைவி. பூங்காவுக்குப் பின்னால், அக்கா வீட்டில், நாலாம் மாடியில் இருக்கிறாள். அவள் தனக்கென்று ஆசையாக எடுத்துவைத்திருந்த நீலத் துணியை இந்த மகாராசன் வெட்டி, யாரோ வாடிக்கையாளருக்கு ஜன்னல் திரையாகத் தைத்துக் கொடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "திரை அழகாத்தானே வந்திருக்கு," என்றார். பெட்டியோடு கிளம்பியவளிடம், "நானா வந்து கூப்பிடுவேன்னு நினைக்காதே," என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

இப்போது அவள் போனை எடுப்பதில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் அவள் குரல்தான் கேட்கிறது. ஆனாலும் படியேறிப் போய்க் கூப்பிட ரோஷம் விடவில்லை.

"ரூல்ஸ் போர்டு எங்கேங்க?" என்றார்.

"எழுதக் கொடுத்திருக்கு. நீங்க குளத்துப் பக்கம் போங்க."

மறுநாள் குளத்துப் பக்கம் போனார். காவலாளி அங்கேயும் வந்தார்.

"தண்ணிக்கு மேல கூடாதுங்க. வாத்து பயப்படும்."

"வாத்தே இல்லையே?"

"வந்தா பயப்படும்ல? பின்பக்க கேட்டுக்குப் போங்க."

பின்பக்க கேட்டுக்கு நேர் எதிரேதான் அந்த அடுக்குமாடி. பால்கனியில் அவளுடைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது. துண்டைப் பார்த்ததுமே அவர் பையைத் திறந்தார். கடை கடையாக அலைந்து புதிதாக வாங்கிய அதே மாதிரி நீலத் துணியை டிரோனில் கட்டி மேலே விட்டார். கனம் தாங்காமல் அது போய் மரத்தில் உட்கார்ந்துகொண்டது.

காவலாளி நீளக் கழியால் இழுத்துப் போட்டார்.

"சாமான் கட்டிப் பறக்கவிட்டா பறிமுதல். சம்சாரம் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் திருப்பித் தருவோம்."

"அண்ணன் தம்பி யாராவது போடக் கூடாதா?"

"சம்சாரம்தான்."

"அவ கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தா?"

"அதுக்கு நான் என்னங்க பண்றது? போய்க் கூட்டிட்டு வாங்க."

தையல்காரர் படியேறினார். ரோஷம் இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் கையெழுத்து விஷயம் சுத்தமாக மறந்து போயிற்று.

"துணியை வெட்டினது தப்புதான். நீ இல்லாம முடியல. வீட்டுக்கு வா."

"இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. பெட்டி கதவுக்குப் பக்கத்திலேயே தயாராக இருந்தது.

கேட்டருகே காவலாளி டிரோனை நீட்டினார்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டார் தையல்காரர்.

காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நாளைக்கு வேற யாராச்சும் வந்து பறக்கவிட்டா என்ன சொல்லட்டும்? நீங்க தினமும் வந்து சொல்லிக்கொடுத்த ரூல்ஸைத் தவிர இந்தப் பூங்காவுல வேற ரூல்ஸே கிடையாதே."