பன்னிரண்டு பௌர்ணமி வேண்டுதல்

கர்ர்ர்ர்… டப்.

சமையலறைக்குப் பின்பக்கம் அந்தச் சத்தம் கேட்டபோது ராத்திரி எட்டே முக்கால். இளஞ்செழியன் மூன்று மாதப் பாப்பாவை மடியில் போட்டு, ஒரு கையால் பால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூன்று வயது மாறனுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தான். மனிதனுக்கு மூன்றாவது கை இல்லாத குறையை அவன் முப்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அன்றைக்குத்தான் உணர்ந்தான்.

கர்ர்ர்ர்… டப்.

யாரோ கனமான எதையோ சிமெண்ட் தரையில் இழுத்து, பாதியில் நிறுத்தி, உள்ளே யாராவது முழித்திருக்கிறார்களா என்று காது கொடுப்பது போல் இருந்தது.

"என்னடா சத்தம் அது?"

மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி இல்லைதான். ஆனால் வீட்டில் அவனைவிடப் பெரியவர் யாரும் அப்போது இல்லை.

"அது டெய்லி வரும்பா," என்றான் மாறன், சோற்றை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றியபடி.

"டெய்லியா? எனக்குக் கேட்டதே இல்லயே."

"நீ தூங்கிடுவே."

வீட்டின் உண்மையான பெரிய மனுஷி கவிநிலா கிரிவலம் போயிருந்தாள். அவள் போனதற்கு முழுக் காரணம் இளஞ்செழியன்தான். அதைச் சொல்ல ஒரு மாதம் பின்னால் போக வேண்டும்.

பாப்பா பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் ராத்திரி என்பது பெயருக்குத்தான். பதினோரு மணிக்கு ஒரு அழுகை. ஒரு மணிக்கு ஒன்று. மூன்று மணிக்கு அழும்போது, தங்கச்சி ஏன் அழுகிறாள் என்று விசாரிக்க மாறனும் எழுந்துவிடுவான். ஒவ்வொரு முறையும் எழுந்துபோவது கவிநிலா. எழுந்துபோகலாமா என்று யோசிப்பது இளஞ்செழியன். யோசித்தபடியே தூங்கிவிடுவான். ஆனாலும் யோசிப்பதும் உடம்பை வாட்டுகிற வேலைதான் என்பது அவன் கட்சி. டைல்ஸ் கடையில் வாடிக்கையாளருக்கு வெள்ளை டைல்ஸை எடுத்துக் காட்டும்போதெல்லாம் அவனுக்குத் தலையணை உறைதான் ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு ராத்திரி. முழுசாக ஒரு ராத்திரி தூங்க வேண்டும். அதற்காக அவன் ஒரு திட்டம் போட்டான். புரட்டாசிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"கவி, உங்கிட்ட ஒண்ணு சொல்லாமயே இருந்துட்டேன். பாப்பா பொறக்கிறப்போ நான் ஒரு வேண்டுதல் வச்சிட்டேன்."

"என்ன வேண்டுதல்?"

"பன்னெண்டு பௌர்ணமி கிரிவலம்."

"பன்னெண்டா?"

"கொஞ்சம் கம்மியா வேண்டியிருக்கலாம்தான். அந்தப் பதட்டத்துல வாயில வந்துடுச்சு."

திருவண்ணாமலையில் இதற்கு மறுப்பே கிடையாது. காய்ச்சல் என்று லீவு கேட்டால் முறைக்கிற முதலாளிகூட, கிரிவலம் என்றால் எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு வா என்பார். கவிநிலாவும் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"போறதுக்கு முன்னாடி அந்தப் பின்கதவுத் தாழ்ப்பாள மட்டும் சரி பண்ணிடுங்க."

மழையில் ஊறிக் கதவு தொங்கிப்போயிருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினால், சட்டத்தில் இருக்கிற ஓட்டைக்கு அரை அங்குலம் கீழே போய் முட்டிக்கொண்டு நிற்கும். கவிநிலா இதை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆசாரி கிடைக்கலம்மா."

"பௌர்ணமிக்கு ஊரெல்லாம் ஜனம். பின்னாடி சந்துல யார் யாரோ வந்து உக்காருவாங்க. நான் ரெண்டு குழந்தைய வச்சுக்கிட்டுத் தனியா…"

"அண்ணாமலையார் பாத்துப்பாரு."

இப்படியாகத் தன் வேலையை அண்ணாமலையாரிடம் ஒப்படைத்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டைவிட்டு இறங்கினான். தெருமுனை வரைக்கும்தான் வெறுங்கால். அங்கே சிநேகிதன் அன்பரசன் பைக்கோடு நின்றிருந்தான். வேட்டவலம் ரோட்டில் அவனுக்கு ஃப்ளெக்ஸ் அச்சடிக்கிற கடை. மாப்பிள்ளை பெயர் தப்பாகி வாசலோடு திரும்பி வந்த ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் அங்கே விரித்துக் கிடந்தது. வாழ்த்த வந்த முப்பது சொந்தக்காரர்களின் முகங்கள் மேல் இளஞ்செழியன் நீட்டிப் படுத்தான். செல்லை அணைத்தான். எட்டு மணி நேரம் பிணம் மாதிரித் தூங்கினான். விடிகாலையில் அன்பரசன் கடை சாமி படத்தடியில் இருந்த விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வீடு திரும்பினான்.

கவிநிலா கதவைத் திறந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"போன் பண்ணேன்."

"கூட்டத்துல சிக்னலே இல்ல கவி."

"பதினோரு தடவ பண்ணேன்."

"என்னா விஷயம்?"

"பின்னாடி சத்தம் கேட்டுச்சு."

"காத்தா இருக்கும்."

"இருக்கும்," என்றாள்.

அப்புறம் நல்லெண்ணெயைச் சுட வைத்துக்கொண்டு வந்து, பதினாலு கிலோமீட்டர் நடந்த கால் என்று சொல்லி அவன் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்க முழித்தவள், முழுக்கத் தூங்கியவனுக்குக் கால் பிடித்துவிட்டாள். இளஞ்செழியனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசாக உறுத்தத்தான் செய்தது. ஆனால் எண்ணெய்ச் சூடு இதமாக இருந்தது. அவள் அவனுடைய உள்ளங்காலை ட்யூப்லைட் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வலிக்குதாங்க?"

"லேசா."

"லேசாத்தான் இருக்கும்."

அந்த வாக்கியத்தை அவன் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கண் சொக்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே கவிநிலா சொன்னாள்.

"அன்னிக்கு சத்தம் கேட்டப்போ நானும் ஒரு வேண்டுதல் வச்சிட்டேங்க."

"என்ன வேண்டுதல்?"

"பன்னெண்டு பௌர்ணமி."

"பன்னெண்டா?"

"பதட்டத்துல வாயில வந்துடுச்சு."

"ரெண்டு பேரும் ஒரே ராத்திரி எப்படிப் போறது? என்னோட வேண்டுதல் என்னாகுறது?"

"உங்களுது ஒண்ணு நல்லபடியா ஆரம்பிச்சிட்டீங்க. மிச்சத்துக்கு சாமி காத்திருப்பாரு. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே."

அவன் கண்டுபிடித்த வழியில் அவள் நடந்து வந்துவிட்டாள்.

அப்படித்தான் இந்த ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கே கிளம்பினாள். "பாலு பிழிஞ்சு ரெண்டு பாட்டில் ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். வெந்நீர்ல வச்சு சூடு பண்ணுங்க, அடுப்புல வச்சிடாதீங்க. மாறன் ஒண்ணுக்கு வருதுன்னு சொன்னா அப்பவே தூக்கிட்டு ஓடணும், விளம்பரம் முடியட்டும்னு பாக்காதீங்க. அடி அண்ணாமலையில என் ஃப்ரெண்டு பொன்னி சேந்துக்குவா." அவ்வளவுதான். போய்விட்டாள்.

கர்ர்ர்ர்… டப்.

இளஞ்செழியன் மாறனின் பிளாஸ்டிக் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டான். சமையலறை நிலைப்படி வரைக்கும் வீரமாகப் போனான். உள்ளே இருட்டு. ஸ்விட்ச் எதிர்ச் சுவரில். பாப்பா தனியாகக் கிடக்கிறாளே என்ற பாசம் திடீரென்று பொங்கியதால் திரும்பி வந்துவிட்டான்.

கவிநிலாவுக்குப் போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டான். நாலாவது முறை போடும்போது 'பதினோரு தடவ' என்ற அவள் குரல் ஞாபகம் வந்தது. விரல் நின்றுவிட்டது.

"அப்பா, நீ டிரம் வைக்கல," என்றான் மாறன்.

"எந்த டிரம்?"

"தண்ணி டிரம். கதவாண்ட வைக்கணும். அதுமேல இட்லி சட்டி. அதுமேல டம்ளர். திருடன் வந்தா டம்ளர் விழும். அம்மா எழுந்துக்குவாங்க."

"அம்மா இத டெய்லியா வைப்பாங்க?"

"நீ தூங்குனதும். காலைல நீ எழறதுக்குள்ள எடுத்துருவாங்க."

இளஞ்செழியன் இரண்டு பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு படுக்கையறைக் கட்டில் மேல் ஏறிக்கொண்டான். பாப்பாவுக்கு அணை வைக்கக் கவிநிலாவின் தலையணையை எடுத்தான். கீழே ஒரு டார்ச். ஒரு பொட்டலம், பிரித்தால் மிளகாய்த்தூள். கான்வென்டில் ஹவுஸ் கேப்டனாக இருந்தபோது அவளுக்குக் கொடுத்த விசில். மடித்த தாள் ஒன்று.

தாளில் மார்ஜின் போட்டு, கான்வென்ட் கையெழுத்தில், முத்து முத்தாக ஒரு பட்டியல். அவசரத்துக்குக் கூப்பிட. ஒன்று, போலீஸ். இரண்டு, ஆம்புலன்ஸ். மூன்று, வீட்டு ஓனர். நான்கு, பக்கத்து வீட்டு நசீமாக்கா. ஐந்தாவதாக இருந்தது அவன் பெயர். அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில், எடுக்க மாட்டார்.

அந்தக் கோட்டைக்கூட ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருந்தாள்.

அவன் அதை நாலைந்து முறை படித்தான். முப்பது சொந்தக்காரர்கள் மேல் படுத்துத் தூங்கிய அந்த எட்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க ஏதாவது வழி இருந்தால் அப்போதே கொடுத்திருப்பான். அப்படி வாங்கிக்கொள்கிற இடம் திருவண்ணாமலையில் இல்லை.

சரி, ஸ்க்ரூடிரைவரையாவது எடுப்போம் என்று எழுந்தான். அது செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் கிடக்கும். எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். கவிநிலாவின் நீலச் செருப்பைக் காணோம்.

கிரிவலத்துக்கு யாராவது செருப்புப் போட்டுக்கொண்டு போவார்களா?

"மாறா, அம்மா செருப்பு எங்கடா?"

மாறன் கூரையைப் பார்த்தான். அப்புறம் அப்பா கையில் இருந்த விசிலைப் பார்த்தான். "சொன்னா விசில் எனக்கா?"

"உனக்குத்தான்."

"நசீமா பெரிம்மா வீட்டு வாசல்ல. சொல்லக் கூடாதுன்னாங்க."

தோளில் பாப்பா, கைலியைப் பிடித்தபடி மாறன், அவன் வாயில் விசில். இந்த ஊர்வலம் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நீலச் செருப்பு ஜோடியாக, ஒழுங்காக, வாசலைப் பார்த்து விட்டிருந்தது. தட்டுவதற்குள் ஜன்னல் திறந்தது. நசீமா.

"வாங்க தம்பி. எட்டே முக்காலுக்கே வந்துடுவீங்கன்னு நான் சொன்னேன். ஒம்போதரை ஆகும்னு கவி சொன்னா. அவதான் கரெக்ட்டு."

"அவ தூங்கறாளாக்கா?"

"தூங்கத்தான் வந்தா. எங்க வீட்டுக்காரரு வேலூர் போயிருக்காரு, கட்டில் காலியாத்தான் இருக்கு. இந்தச் சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

நசீமா நகர்ந்தாள். கவிநிலாவின் முகம் தெரிந்தது. முதலில் பாப்பாவைப் பார்த்தாள். அப்புறம் மாறனை. கடைசியாகத்தான் அவனை.

"பாலு குடிச்சாளா?"

"முழு பாட்டிலும்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கவி, போன மாசம் நான் கிரிவலம் போகல."

"தெரியும். எண்ணெய் தேய்ச்சது நான்தானே. பாப்பா காலவிட உங்க காலு பஞ்சு மாதிரி இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா காத்தா இருக்கும்னு சொல்லுவீங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன பண்ணீங்க?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மட்டையைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஆனால் மாறன் பக்கத்திலேயே விசிலோடு நின்றான்.

"கட்டில் மேல ஏறிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "நான் ரெண்டு மாசமா கட்டில் மேலதான் இருக்கேன்," என்றாள்.

பாப்பா ஒரு ஏப்பம் விட்டது.

"வீட்டுக்கு வா கவி."

"தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கா? பாப்பா பாலுக்கு அழுதா சுவரத் தட்டுங்க, வரேன். மத்ததெல்லாம் நீங்க." ஜன்னல் மூடிக்கொண்டது.

திரும்பி வந்து சமையலறை லைட்டைப் போட்டான். திருடனும் இல்லை, பேயும் இல்லை. காற்றுக்குக் கதவு தரையில் உரசித் திறந்து, திரும்ப வந்து சட்டத்தில் மோதியது. கர்ர்ர்ர், டப். போன மாதம் அவன் சொன்னது சரிதான், காற்றுதான். ஆனால் அந்தக் கதவை ஒரு கை தள்ளியிருந்தாலும் இதே சத்தம்தான் வந்திருக்கும். எது என்று படுத்த இடத்திலிருந்து தெரிந்துகொள்ள அவளுக்கு வழியே இருந்திருக்காது.

பாப்பாவைப் பாயில் படுக்க வைத்தான். மாறன் டார்ச் பிடித்தான். இளஞ்செழியன் ஸ்க்ரூடிரைவரை வைத்து, அம்மிக் குழவியால் தட்டித் தட்டி, சட்டத்து ஓட்டையைக் கீழ்ப்பக்கம் அரை அங்குலம் பெரிசாக்கினான். இரண்டு மாதமாக ஆசாரி கிடைக்காத வேலை. பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று.

அது ஒரு மணி நேரமாவது ஆகியிருந்தால் அவன் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மரத்தூளை ஊதித் தள்ளினான். கதவைச் சாத்தி, தோளால் அழுத்தி, உள்பக்கத்திலிருந்து தாழ்ப்பாளைத் தள்ளினான். டக். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மாறன் விசில் ஊதினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கவிநிலாவின் குரல், பாதித் தூக்கத்தில் கேட்டது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு கவி. வா."

"இப்பத்தான் தூக்கம் வருது. காலைல வரேன். பாத்ரூம் குழாய் ஒழுகுதே, அது கார்த்திகைப் பௌர்ணமிக்கு."