பொரி போட மூன்று நாள் லீவு

கெலுகோர், பினாங்கு.

பெருமதிப்பிற்குரிய பயிற்றுநர் ஐயா அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் கால்பந்து அணியில் நடுவில் ஆடும் ஷர்வினின் தகப்பன் ராமதாஸ் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி நவமணியும் மகள் காமினியும் சுகம். அங்கே பின்லாந்தில் தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், பிள்ளைகளும், நம் அணி கோல்கீப்பரின் வலது முழங்காலும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். கோபத்தையும் பணிவையும் ஒரே கடிதத்தில் எழுத எனக்குத் தமிழில்தான் வரும். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். இதை ஆங்கிலத்தில் மாற்றித் தரும் பொறுப்பை என் வருங்கால மருமகன் குகன் ஏற்றிருக்கிறார். பக்கத்தில் பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். நல்ல பிள்ளை. பயத்தில் அவர் எங்காவது காரத்தைக் குறைத்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

விஷயம் இதுதான். ஆவணி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை காமினிக்கும் குகனுக்கும் கல்யாணம். அன்றைக்கே தங்களுக்கும் ஆட்டம் இருக்கிறது. அதில் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும் என்கிறார்கள். நாள் குறிக்கும்போது ராகுகாலம் பார்த்தோம், எமகண்டம் பார்த்தோம், கரிநாள் பார்த்தோம், மண்டபத்தில் ஏர்கோன் ஓடுகிறதா என்றுகூடப் பார்த்தோம். தங்கள் லீக் அட்டவணையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஐயரைக் கேட்டேன். அது பஞ்சாங்கத்தில் வராது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் கல்யாணத்தில் ஒரு சடங்கு உண்டு ஐயா. பெண்ணோடு பிறந்தவன் பொரியை அள்ளி அவள் கையில் போடுவான். அவள் அதை ஓமத்தீயில் இடுவாள். உடன்பிறந்தவன் வர முடியாவிட்டால் சித்தப்பா மகன் யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். காமினி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டாள். "அண்ணன் வரலன்னா பொரியும் வேணாம், கல்யாணமும் வேணாம்பா. கேன்சல் பண்ணிடுங்க லா" என்றாள். எதிரில் உட்கார்ந்திருந்த குகனுக்குத் தோசை வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில்தான் அவர் மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டார்.

ஷர்வினைக் கேட்டால், "கோச் விட மாட்டாருப்பா. நான் இல்லாட்டி நடுவுல ஆளே இல்ல" என்கிறான்.

இந்த நடு என்கிற விஷயத்தில்தான் எனக்கும் அவனுக்கும் ஆதியிலிருந்தே தகராறு. முதலில் தாய்லாந்துக்குப் போனான். போன் போட்டு எத்தனை கோல் என்று கேட்டேன். "கோல் போடுறது என் வேலை இல்லப்பா. போடுறவனுக்குப் பந்த எடுத்துக் குடுக்கிறதுதான் என் வேலை" என்றான். எடுத்துக் கொடுக்கிற வேலை நம் ஜபருல்லாவின் நாசி கண்டார் சோற்றுக் கடையிலேயே இருக்கிறதே, அதற்கு ஏன் எல்லை தாண்டிப் போனாய் என்று கேட்டுவிட்டேன். ஒரு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு கம்போடியா. நவமணி பாசம் தாங்காமல் நெத்திலிச் சம்பல் போத்தலை அவனுடைய ஆட்டச் சட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினாள், அது விமானத்திலேயே உடைந்தது, எத்தனை முறை துவைத்தும் வாடை போகாமல் அந்தச் சட்டையோடே அவன் முதல் ஆட்டத்தில் இறங்க, எதிரணிக்காரன் ஒருவனும் பக்கத்தில் வரவில்லையாம், அன்றைக்கு ஆட்டநாயகன் இவன்தான். அதைக் கேட்டு நவமணி அடுத்த நாட்டுக்கும் ஒரு போத்தல் தயார் செய்தாள். நான்தான் பிடுங்கி வைத்தேன். அடுத்த நாடு மாலத்தீவு. மைதானத்தை ஒட்டியே கடல் இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, பந்து தண்ணீரில் விழுந்தால் குதிக்காதே என்று தினமும் செய்தி அனுப்பினாள். அந்த ஆட்டங்களை நான் ஜபருல்லா கடை டிவியில் போடச் சொல்லிப் பார்த்தேன். "எதுண்ணே உங்க மகன்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக் கைநீட்டிக் காட்டினேன். பாதி சீசன் போன பிறகு காமினி ஒருநாள் கடைக்கு வந்து பார்த்து, "அப்பா, அது அண்ணன் இல்ல. அண்ணன் அந்தப் பக்கம் ஓடுது பாருங்க" என்றாள். அதுவரை யாரோ பெற்ற பிள்ளைக்காக நான் வெள்ளிக்கிழமை விரதம் இருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை நன்றாகவே ஆடினான் ஐயா.

தங்கள் ஊருக்கு வந்தபின் புதுத் தொல்லை. அந்தி சாய்ந்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்ற வேண்டும் என்பது நவமணியின் கட்டளை. "விளக்கு வச்சியாய்யா?" என்று கேட்பாள். "இன்னும் அந்தியே வரலம்மா" என்பான். மறுநாளும் அதே பதில். பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொண்டான் என்று அழுது தீர்த்துவிட்டாள். உங்கள் ஊர்க் கோடையில் சூரியன் மறைவதில்லை என்று குகன் உலகப் படத்தை விரித்து வைத்து விளக்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப பினாங்கு நேரத்துக்கு ஏத்தச் சொல்லுங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

இத்தனை நாட்டு ஆட்டத்தையும் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் புரிய ஆரம்பித்திருக்கிறது. கோல் போட்டவனை எல்லோரும் தூக்கிக் கொண்டாடும்போது, பந்தைக் கொடுத்த என் பிள்ளை தள்ளி நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பான். எனக்கு வயிறு எரியும். ஆனால் பொரிச் சடங்கும் அதே வேலைதானே ஐயா? அள்ளிக் கொடுப்பவன் அண்ணன். தீயில் இடுபவள் தங்கை. போட்டோ எல்லாம் அவளுக்குத்தான். இந்த வேலையில் ஷர்வினைவிட அனுபவசாலி எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அவன் அங்கே எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். கடைசிச் சில ஆட்டங்களில் அவன் என் கண்ணுக்கே படவில்லை. உங்க டிவி பழசு, நடுப்பக்கம் மங்கலாகத் தெரிகிறது என்று ஜபருல்லாவிடம் சத்தம் போட்டேன். "டிவி நல்லாத்தாண்ணே இருக்கு" என்று மெதுவாகச் சொல்லி, நான் கேட்காமலே ஒரு தே தாரிக் டீயை வைத்துவிட்டுப் போனார். வியாபாரி வேறு என்ன சொல்வார்?

ஆகவே ஐயா, மூன்றே மூன்று நாள் லீவு கொடுங்கள். "பயணத்துக்கே ரெண்டு நாள் போயிடும் மாமா" என்று குகன் இடையில் சொல்கிறார். அதையும் சேர்த்துத்தான் மூன்று. பொரி போட்ட கையோடு விமானம் ஏற்றிவிடுகிறேன், போகும் வழியில் தூங்கிக்கொள்வான். அந்த ஒரு ஆட்டத்துக்கு வேறு யாரையாவது நடுவில் நிறுத்துங்கள். தோற்றால் பழி என் தலையில் விழட்டும். கல்யாணப் பத்திரிகையும் இத்துடன் வருகிறது. ஆட்டத்தை விட்டு உங்களால் வர முடியாது என்று தெரியும். ஆனாலும் அழைக்காமல் விட்டால் மரியாதையாக இருக்காது. உங்கள் பங்குக்கு ஒரு இலை போடச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் அணி இறங்காமல் ஏறவும், தாங்கள் தங்கள் குலம் விளங்கப் பல்லோடும் பதவியோடும் நூறாண்டு வாழவும் ஆசீர்வதிக்கும்,

ப. ராமதாஸ்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன், வாசலில் டாக்சி வந்து நின்றது. ஷர்வின். கூடவே இரண்டு பெரிய பெட்டி, கையில் குளிர்காலக் கோட்டு. மூன்று நாளைக்கு வருகிறவன் பினாங்குக்கு அந்தக் கோட்டைக் கொண்டுவர மாட்டான். காமினி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "லீவு குடுத்துட்டாராய்யா கோச்?" என்று கேட்டேன். குனிந்து சப்பாத்தைக் கழற்றியபடியே, "மொத்தமா குடுத்துட்டாருப்பா" என்றான். தாங்கள் அவனை ரொம்ப நாளாக ஆட்டத்தில் இறக்கவே இல்லையாம். போன வாரம் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டீர்களாம். ஜபருல்லா டிவியில் கோளாறு ஒன்றும் இல்லை. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். உள்ளே எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறார்கள். பொரி போட ஆள் வந்துவிட்டான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஐயா, லீவு வேண்டாம். கல்யாணம் முடிந்த மறுநாளே அவனை அனுப்பி வைக்கிறேன், தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் நிறுத்துங்கள். கோல் போட மாட்டான். ஆனால் கிடைத்ததைத் தானே வைத்துக்கொள்கிற பிள்ளை இல்லை அவன், கொடுத்துவிடுவான். இதை நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

குகன், மேலே இருக்கிற எதையும் மொழிபெயர்க்க வேண்டாம். பின்குறிப்பை மட்டும் அனுப்புங்கள். ஷர்வினுக்குத் தெரியக்கூடாது. கோல்கீப்பர் முழங்காலை விசாரித்ததை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், நமக்குக் காரியம் ஆகவேண்டும்.