இரண்டு ஊரில் உறங்கிய கார்

அன்பும் அவசரக் கோபமும் நிறைந்த மருமகள் ரோஸ்விதாவுக்கு,

உன் தாய்மாமா எபர்ஹார்ட் எழுதுவது. என் முழங்கால் நலம், முதுகு நலமில்லை, மற்றவை வயதுக்குத் தகுந்தபடி. உன் நலத்தை உன் கடிதத்தின் காட்டத்திலிருந்தே அறிந்துகொண்டேன். இனி நான் சொல்லப்போவதை இந்த மலைநாட்டில் ஒரு ஜீவன்கூட நம்பாது, நீயும் நம்பமாட்டாய் என்று எங்கள் மாதாகோயில் மணிமேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

இன்னொரு தரம் அந்த எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அம்மாவின் காரை விற்றுவிடுவேன், மாமா பஸ்ஸில் போகட்டும் என்று எழுதியிருக்கிறாய். இங்கே கடைசி பஸ் மதியம் மூன்று மணிக்கே போய்விடும். விளக்கு எரிந்தது, மறைக்கவில்லை. அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் அக்கம்பக்கத்துக் கோழிகள் விடிந்துவிட்டதென்று முட்டையிட்டன. கீழே ஏரியில் படகுகள் கலங்கரை விளக்கமென்று நம்பித் திசை திரும்பின. பட்டறை கெப்ஹார்ட் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, “ஆக்சிஜன் சென்சார், பெரியவரே. எஞ்சின் விடுற மூச்ச மோந்து பாக்குற மூக்கு. செத்துப்போச்சு, மாத்திடுவோம்” என்றான். மாற்றினான். அடுத்த வாரம் அதே கோளாறு எண். மறுபடி மாற்றினான், மறுபடி அதே எண். எனக்கு என் பிறந்தநாள் மறந்துவிட்டது, அந்த எண் மறக்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய்க் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் டார்ச் அடித்தான். “சென்சார் பச்சப்புள்ள மாதிரி இருக்கு. அதுக்குப் போற வயரத்தான் எவனோ தின்னுருக்கான்.”

எவனோ என்றால் மரநாய்தான். கீரியின் உடம்பும் பூனையின் திமிரும் கொண்ட, ராத்திரியில் கார் எஞ்சினுக்குள் நுழையும் பிராணி. இதை விரட்ட ஊரே வைத்தியர். பக்கத்து வீட்டுச் சோலர் அம்மாள் தன் நாயின் முடியைக் காலுறையில் அடைத்துத் தந்தாள், தபால்காரர் கழிப்பறை வாசனை வில்லையைத் தொங்கவிடச் சொன்னார், பாதிரியார் கம்பிவலையைக் காருக்கு அடியில் விரிக்கச் சொல்லிவிட்டு ஜெபமும் செய்தார். என் கார் சலூனும் கக்கூசும் சேர்ந்து யாத்திரை போவதுபோல மணந்தது. விளக்கு எரிந்தது.

“வண்டி ஒரே ஊர்ல கிடந்தா மரநாய் கடிக்காது பெரியவரே” என்றான் கெப்ஹார்ட். “சூட்டுக்கு எஞ்சின் மேல படுத்துத் தூங்கிட்டுப் போயிடும். இன்னொரு மரநாய் வாசன அடிச்சாத்தான் வெறி பிடிச்சுக் கடிக்கும். உங்க வண்டி வேற எங்கயோ படுக்குது.”

“மலைக்கு அந்தப்பக்கம் பாட்டுப் பயிற்சிக்குத்தாம்பா போறேன்.”

“எம் பொண்டாட்டியும் அதுலதான் பாடுறா. அவ சாயங்காலம் சூப்புக்கே வந்துடுறா. உங்க கார் மறுநாள் ரொட்டி வாங்குற நேரத்துக்குல்ல வருது.”

“பாட்டு கொஞ்சம் நீளம்” என்றேன். அவன் ஸ்பேனரை வைத்துவிட்டுச் சிரித்தான்.

ஆகவே மருமகளே, நடந்தது இதுதான். மலைக்கு அந்தப்பக்கத்து மரநாய், கன்றுக்குட்டி உயரம், மூன்று மணி பஸ்ஸில் டிக்கெட் எடுத்து வந்து, நம் வாசலிலேயே அசையாமல் நின்ற காரின் எஞ்சினில் எங்கள் ஊர் மரநாயோடு யுத்தம் செய்திருக்கிறது. இரண்டு அரசர்கள் மோதினால் வயர் அறுந்துதானே போகும்? இதற்காகக் காரை விற்பது தர்மமா? இந்த விளக்கோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது, ரோஸ்விதா. காரை மட்டும் விட்டுவை, கைகூப்பிக் கேட்கிறேன்.

உன் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் மாமா,
எபர்ஹார்ட்

பி.கு.: மேலே உள்ளதைக் கிழித்துப்போட மனமில்லை, தாள் நல்ல தாள். ஆனால் கோழி முட்டையிடவில்லை, படகு திரும்பவில்லை, மரநாய் பஸ் ஏறவில்லை. விளக்கு அணைந்துவிட்டது, கார் இப்போது ஒரே ஊரில்தான் உறங்குகிறது, அந்த ஊர் மரநாய் அதன்மேல் குறட்டை விடுகிறது. பதிலை மலைக்கு அந்தப்பக்கம், நானும் காரும் குடியேறிவிட்ட ஹெட்விக் அம்மாள் வீட்டு விலாசத்துக்குப் போடு. இத்தனை புளுகில் அவள் மட்டும் நிஜம்.