கும்புடு அக்காவும் எட்டு சாமிகளும்

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும், சாமியே இல்லை என்று பேசுகிறவனைக்கூட வாய்விட்டு சாமி கும்பிட வைத்தவர் எங்கள் கும்புடு அக்கா ஒருத்தர்தான். பிரசங்கமெல்லாம் செய்யவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டினார்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். அந்த ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிய முதல் பொம்பளை அவர்தான். ஸ்டாண்டில் ஒருத்தனும் வரிசையில் இடம் விடவில்லை. அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. எங்கள் கவலை வேறு. வழியில் ஐந்து அம்மன், ஒரு பிள்ளையார், ஒரு மாதா, ஒரு தர்கா. எதைத் தாண்டினாலும் ஹேண்டிலை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவார். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கன்டெய்னர் லாரி உரசுகிற மாதிரி போகும்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் குமாஸ்தா. தினமும் எட்டு தடவை செத்துப் பிழைத்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

"அக்கா, ஹேண்டிலு!"

"இன்னா நைனா கூவுற? வண்டிய ஓட்டுறது ஆத்தா. நா சொம்மா புட்சினு கீறேன்."

"அதையாவது வுடாம புடிங்கக்கா!"

ஒருநாள் காரணம் சொன்னார். "லைசென்சுக்கு எட்டு போடச் சொன்னாங்கோ. மூணு வாட்டி ஃபெயிலு. அப்பால இந்த எட்டு சாமிக்கும் வேண்டிகினேன். தாண்டசொல்ல ரெண்டு கையால கும்புடுவேன், ஒருவாட்டி தவறுனாலும் சாவிய ஆத்தா காலாண்ட வெச்சிட்டு வூட்ல குந்திக்கிறேன்னு. நாலாவது வாட்டி பாஸு."

வண்டியை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. இப்படியா வேண்டிக்கொள்வார் ஒரு மனுஷி!

ஒரு காலை, நிறைமாதமாக இருந்த என் மனைவி செல்விக்கு வலி கண்டுவிட்டது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் ரோட்டுக்கு ஓடினேன். எதிரே வந்தது அக்கா வண்டி. போயும் போயும் இதுவா! வேறு வழியில்லை. ஏறியிருந்தவர்களை எல்லாம் அக்கா இறக்கிவிட்டு, செல்வியைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார்.

முதல் அம்மன் கோயில் வந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வண்டி ஆடவில்லை. திறந்து பார்த்தால், அக்காவின் இரண்டு கையும் ஹேண்டிலிலேயே இருந்தன. உதடு மட்டும் முணுமுணுத்தது.

"அக்கா... வேண்டுதல்..."

"வாய மூடினு கொயந்தய நெனச்சிக்கோ நைனா. இன்னிக்கு கைய எடுக்க மாட்டேன்."

பிள்ளையார் போனார், மாதா போனாள், தர்கா போனது. எட்டையும் தாண்டினோம். கண்ணாடியில் பார்த்தேன், அக்கா அழுதுகொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குள் போன அரை மணியில் எனக்குப் பெண் பிறந்தாள்.

மறுநாள் ஸ்டாண்டில் அக்கா வண்டி மட்டும் சாவி இல்லாமல் அநாதையாக நின்றது. வரிசையில் இடம் விடாத டிரைவர்கள் முகமெல்லாம் தொங்கிப்போயிருந்தது. "சாவிய ஆத்தா காலாண்ட வெச்சிட்டாங்க சார். நாங்க சொன்னா கேக்க மாட்டேன்றாங்கோ."

அக்கா இருந்த அம்மன் கோயிலுக்கு ஓடினேன். கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில் அக்கா சொன்னார்: "பூ போட்டுப் பாக்கலாம். வெள்ள வந்தா ஓட்டுறேன். சேப்பு வந்தா ஆத்தாவுக்கு இஷ்டமில்ல. நீயே ரெண்டு பொட்லம் மடிச்சினு வா."

வாசல் பூக்கடைக்குப் போய் மடித்து வந்து, அம்மன் முன்னால் போட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். மல்லிகை! அங்கேயே விழுந்து தேம்பித் தேம்பி அழுதார். பூசாரி இன்னொரு பொட்டலத்துக்குக் கை நீட்டினார். "புள்ளைக்குப் பிரசாதம்" என்று உளறிவிட்டு, அதைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு தப்பித்தேன்.

அதிலும் மல்லிகைதான்.

இருபது வருஷம் கழித்து இதைச் சொல்லக்கூட பயமாகத்தான் இருக்கிறது. படித்தால் மன்னிச்சுடுங்கக்கா. வண்டியை ஆத்தாவே ஓட்டட்டும். ஹேண்டிலைப் பிடிக்க எங்களுக்கு நீங்கதான் வேணும்.