ஹலோ அண்ணன் வாபஸ் வாங்கிய ஜோக்

பாதிரியார் ஆசீர்வதித்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, ஊரே பிரியாணி சாப்பிட்டுப் போனாலும், ஹலோ அண்ணன் மைக்கில் கிண்டல் செய்யாத கல்யாணம் எங்கள் சாம்பியன் ரீப்ஸில் கல்யாணமாகக் கணக்கில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. தங்க மைன்ஸ் மூடி வேலை போனபோது கைக்கு வந்த பணத்தில் மற்றவர்கள் வீட்டைப் பூசினார்கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்கள். இவர் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸும் வாங்கினார். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் முதல் குரல் அவருடையதுதான். "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்!" பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் அவருக்கு ஒயர் இழுப்பவன், பாக்ஸ் தூக்குபவன். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேசுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேலை எனக்குச் சுகமாக இருந்தது.

ஒருமுறை பூதிகோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. காத்திருந்த கூட்டத்துக்கு அண்ணன் அறிவித்தார்: "பொறுமையா இருங்க. மாப்பிள்ளை வர்றதுக்குள்ள பொண்ணுக்கு அறுபதாம் கல்யாணம் வந்துட்டா, ரெண்டையும் ஒரே பந்தல்ல முடிச்சிடலாம்!" மணப்பெண்ணே சிரித்தாள். இன்னொரு முறை, ஒரு சாவுச் செய்தியை ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனவர், பழக்க தோஷத்தில், "அனைவரும் குடும்பத்துடன் வந்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்துவிட்டார். ஓடி ஒளிய இடம் தேடினேன். செத்தவரின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா இருந்திருந்தா வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பாரு" என்றான்.

இப்படியெல்லாம் தப்பித்ததால் தன் வாய்க்கு எல்லா வீட்டிலும் அனுமதி உண்டு என்று அண்ணன் நினைத்துவிட்டார்.

ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். பரிசு கொண்டு வருபவர்களை அண்ணன் ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவும் அவள் கணவன் ஆல்பர்ட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை ரிப்பன் கட்டித் தூக்கி வந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம். குழந்தை இல்லை.

"அடடா, ஸ்டெல்லாம்மா வண்டி வாங்கிகினு வந்துகீறாங்க! ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் வண்டி ரெடி. உங்க வூட்டு டிரைவர் எப்போ வருவாரு? இத்தினி வருஷமா ரிகர்சல்தான் நடக்குது, படம் ரிலீஸ் ஆவலையே, ஆல்பர்ட்டு!"

ஹால் வெடித்துச் சிரித்தது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஸ்டெல்லாவின் முகம் பக்கத்தில் தெரிந்தது. அவளும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது வேறு என்னதான் செய்ய முடியும்? சைக்கிளை வைத்துவிட்டார்கள், ஆனால் ரிப்பனைப் பிடித்த கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆல்பர்ட் அவளைப் பார்க்காமலேயே இறங்கிப் போனான். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு விசேஷத்துக்கும் வரவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விடுவாள்.

பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் அவள் தம்பி டேவிட், ஒரு நாள் ஹலோ அண்ணன் வீட்டுக்கு வந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"எங்கக்கா கல்யாணத்துக்கு வரமாட்டேன்னுது. மூணாவது முடிச்சு எங்க வூட்ல அக்காதான் போடணும். இப்போ இன்னா பண்றது, சொல்லுங்க."

அண்ணனுக்கு உண்மையாகவே புரியவில்லை. "ஜோக்குப்பா அது! நாங்க கேஜ்ல எறங்கசொல்ல இதைவிட மோசமா பேசுவோம். எவன் பொண்டாட்டியையும் வுட்டதில்ல. பேசாம எறங்கினாத்தான் பயம். ஒருத்தனாவது கோச்சுகினானா?"

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் அந்தக் கூண்டில் சிரித்துக்கொண்டே இறங்குவது அந்தக் கால வழக்கம்தான். என் அப்பாவும் சொல்லியிருக்கிறார்.

டேவிட் கத்தவில்லை. "கேஜ்ல நீங்க ஒண்ணு சொன்னா கூட இருக்கிறவரு திருப்பி ரெண்டு சொல்வாரு. எல்லாரும் ஒண்ணாத்தானே கீழ போனீங்க? எங்கக்கா கையில மைக் இருந்துச்சா அங்கிள்?"

அவன் போன பிறகு அண்ணன் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை என்னிடம், "அந்தப் பொண்ணு சிரிச்சுதேப்பா?" என்றார். நான் தலையை ஆட்டினேன், எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவைக் கொண்டுவரச் சொன்னார். மேலே குழாய் ஸ்பீக்கரைக் கட்டினேன். யாருக்குச் சாவு என்று கேட்டேன். ஏறு என்று கை காட்டினார். ஸ்டெல்லாவின் தெரு முனைக்குப் போனதும் மைக்கை எடுத்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! ஸ்டெல்லா அம்மாவுக்குக் குழந்தை இல்லாததைப் பற்றி நான் பேசிய நகைச்சுவையை இதனால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்! வாபஸ்! வாபஸ்!"

பிறந்தநாளுக்கு வராதவர்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பாட்டியம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாப்பா ஜோக்கு அது? நான் அன்னிக்கு வரலை, இன்னொரு தபா சொல்லு" என்றார். கேட்டால் சொல்லிவிடும் ஆள் அண்ணன். நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

ஸ்டெல்லா வெளியே வந்தாள். சத்தம் செத்த மைக்கை அண்ணன் வாயருகே வைத்து உதட்டை அசைத்தார்.

"அதைக் கீழ வைங்க அண்ணா."

வைத்தார்.

"ஊரைக் கூட்டி வெச்சு சிரிச்சீங்க. ஊரைக் கூட்டி வெச்சு மன்னிப்பும் கேட்டுட்டீங்க. நடுவுல நான் ஒருத்தி கீறேனே, என்கிட்ட இன்னா பேசினீங்க?"

மைக் இல்லாத ஹலோ அண்ணனை ஊரில் அதிகம் பேர் பார்த்ததில்லை. ரேஷன் கடையில்கூட அவருக்கு வேண்டியதை நான்தான் கேட்டு வாங்குவேன். அவ்வளவு சின்னக் குரல்.

"தப்புமா."

"கேக்கலை."

"நான் பேசினது தப்புமா. நீ சிரிச்சதைப் பார்த்து... நான்... தப்புமா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எதைப் பேசக்கூடாதுன்னு நானும் அவரும் வூட்டுக்குள்ள பார்த்துப் பார்த்து நடக்கிறோம். அதை நீங்க ஹால்ல போட்டு ஒடைச்சீங்க. அன்னிக்கி வூட்டுக்குப் போயி அவரு என் முகத்தைப் பார்க்கலை அண்ணா. அவரு மேலதான் தப்போன்னு ஊரு நெனைக்கும்னு அவருக்குப் பயம். என் மேலதான்னு எனக்கு."

அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார்.

"கேட்டுட்டேன். போங்க" என்று உள்ளே போய்விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு புது வேலை ஆரம்பித்தார். விசேஷத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய் அனுமதி கேட்பது. "உங்க மூக்கைப் பத்தி ஒண்ணு சொல்லலாமா?" கேட்பவருக்கே கூச்சம். ஒரு பென்ஷன்காரர் யோசித்து, "மூக்கு வேணாம், தொப்பையைப் பத்திச் சொல்லு" என்றார். இன்னொருவர், "என் சம்சாரத்தோட சமையலைப் பத்திச் சொல்லேன்" என்றார். "சொல்லட்டும், நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அந்த ஜோக்கும் ரத்து. முன்கூட்டியே கேட்டுவிட்ட ஜோக்குக்கு மேடையில் யாரும் சிரிக்கவில்லை என்பது வேறு விஷயம். அவர் கேட்பதை மட்டும் விடவில்லை.

டேவிட் கல்யாணத்துக்கு மைக் செட் எங்களுடையதுதான். "நான் மைக்கைத் தொடமாட்டேன். இவன் பேசுவான்" என்று என்னைக் காட்டிவிட்டார். எனக்கு அன்றே காய்ச்சல் வந்தது.

கோயிலில் தாலியை எடுக்கும் நேரம் வரை ஸ்டெல்லா வருவாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் உள்ளே வராமல், கேட் பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நடந்துகொண்டிருந்தபோது ஆல்பர்ட்டுடன் வந்தாள். அவரைத் தாண்டி உள்ளே போனாள். மூன்றாவது முடிச்சை அவள்தான் போட்டாள்.

மாலை ரிசப்ஷனில் நான் மைக்கைப் பிடித்து, வந்தவர்களின் பெயர்களை என் சட்டைப் பொத்தானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா எங்கள் மேஜை அருகே வந்து நின்றாள். அண்ணன் எழுந்துகொண்டார்.

"இன்னாண்ணா, மைக் உங்ககிட்ட இல்லையா?"

"வேணாம்னு வெச்சுட்டேன்மா."

"இவரு பேசுறது இவருக்கே கேக்கலை. நீங்களே பேசுங்க."

நான் மைக்கை நீட்டினேன். அண்ணன் என்னைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பிறகு அவளைக் கேட்டார்: "உன் பேரைச் சொல்லலாமாம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்து, "பேரு சொல்லுங்க" என்றாள்.

"மாப்பிள்ளையோட அக்கா ஸ்டெல்லா, ஆல்பர்ட்..." என்று ஆரம்பித்தார். ஹால் நிமிர்ந்தது. அவர் வாயிலிருந்து அடுத்து ஏதோ வரப்போகிறது என்று இப்போதே சிலர் சிரிக்கத் தயாரானார்கள்.

"...வந்துகீறாங்க" என்று சொல்லி, மைக்கை அணைத்துவிட்டார்.

எத்தனையோ ஹாலை அவர் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன். யாருமே சிரிக்காத அந்த ஒரு வரியைச் சொன்ன மனுஷன் பின்னால்தான் நான் இன்னும் பாக்ஸ் தூக்கிக்கொண்டு போகிறேன்.